போதைப் பரிசோதனை: 'பாசிட்டிவ்' என்றால் அடிமை என்று அர்த்தமா?

போதைப் பரிசோதனை கிட்டில் சி, டி என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். அதில் சிறுநீரைச் சில துளிகள் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் சி-க்கு நேராக ஒரு கோடு விழும். கிட் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். டி-க்கு நேராகவும் கோடு விழுந்தால் 'நெகட்டிவ்', விழாவிட்டால்தான் 'பாசிட்டிவ்'. வீட்டில் செய்யும் கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். டி கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது நெகட்டிவ்தான்.

வேலைக்குச் சேரும்போது இந்தப் பரிசோதனையைச் சந்திப்பவர்கள் உண்டு. பிள்ளைமீது சந்தேகம் வந்து கிட் வாங்கும் பெற்றோரும் உண்டு. அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரியாமல் முடிவெடுத்தால் ஒருவரின் வேலை போகலாம். பெற்றவர்கள்மீது பிள்ளை வைத்திருக்கும் நம்பிக்கையும் போகலாம்.

எப்படி வேலை செய்கிறது?

நிறமேற்றிய ஆன்டிபாடிகள் டி பகுதியில் போய் ஒட்டும்போதுதான் அங்கே கோடு தெரியும். சிறுநீரில் போதைப்பொருளின் எச்சம் இருந்தால் அது ஆன்டிபாடிகளை வழியிலேயே பிடித்துக்கொள்ளும், கோடு விழாது. எச்சம் எவ்வளவு இருந்தால் பாசிட்டிவ் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அமெரிக்க அரசுப் பணியாளர்களுக்கான முதற்கட்டப் பரிசோதனையில் கஞ்சாவுக்கு அந்த வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். ஆகவே, நெகட்டிவ் என்றால் 'வரம்புக்குக் கீழே' என்றுதான் பொருள். 'தொட்டதே இல்லை' என்று பொருளல்ல.

நாள் கணக்கும் பொருளுக்குப் பொருள் மாறும். ஹெராயின், கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமைன் ஆகியவை பொதுவாக இரண்டு மூன்று நாள்வரை சிறுநீரில் தெரியும். கஞ்சா உடலின் கொழுப்பில் தங்குவதால், என்றோ ஒருமுறை புகைத்தவருக்குச் சில நாளும், தினமும் புகைத்தவருக்கு ஒரு மாதம்வரையிலும்கூடத் தெரியலாம். கஞ்சாவை விட்டு மூன்று வாரம் ஆனவருக்குப் பாசிட்டிவ் வரலாம். போன வாரம் ஹெராயின் எடுத்தவருக்கு நெகட்டிவ் வரலாம்.

கசகசாவும் இருமல் சிரப்பும்

குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. சமையலில் சேர்ப்பதால் போதை வராது. ஆனால் காயின் பால் விதைமேல் ஒட்டியிருந்தால் சிறிதளவு மார்ஃபின் சிறுநீரில் தெரியும். இத்தகைய பாசிட்டிவ்களைத் தவிர்க்கத்தான் அமெரிக்க அரசு 1998-ல் ஓபியேட் (மார்ஃபின் போன்ற அபினி வகைப் பொருள்கள்) வரம்பை 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தியது.

கோடீன் கலந்த இருமல் சிரப் குடித்தால், அதில் ஒரு பகுதி உடலுக்குள் மார்ஃபினாகவே மாறும். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரின், ஆம்ஃபெட்டமைன் போலக் காட்டிவிடலாம். லெவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் ஓபியேட் பரிசோதனையில் தவறான பாசிட்டிவ் தரக்கூடும்.

எனவே பரிசோதனைக்கு முன்பே, சாப்பிடும் மருந்துகளைச் சொல்லி மருந்துச் சீட்டைக் காட்டிவிட வேண்டும். பாசிட்டிவ் வந்தால், அதே மாதிரியை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் உறுதிசெய்யும்படி கேட்க வேண்டும். எந்தப் பொருள், எந்த அளவு என்று துல்லியமாகச் சொல்வது அந்த இரண்டாம் பரிசோதனைதான். அது வரும்வரை யாரையும் குற்றவாளியாக நடத்துவது நியாயமல்ல.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்கே தடை உண்டு. கோடீன், டிரமடால் மருந்துகளைக் கொண்டுபோக முன் அனுமதி தேவை.

கிட்டில் சிக்காதவை

தமிழ்நாட்டில் டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. மார்ஃபினைத் தேடும் சாதாரண கிட் இதைக் காட்டாது. நெகட்டிவ் வந்ததைப் பார்த்து நிம்மதியடையும் குடும்பம் ஆபத்தைக் கவனிக்காமலே இருந்துவிடும்.

ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள் அவசியம் செய்துகொள்ள வேண்டியவை எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி பரிசோதனைகள். எச்ஐவி பரிசோதனை அரசு ஐசிடிசி (ஒருங்கிணைந்த ஆலோசனை, பரிசோதனை) மையங்களில் இலவசம். ஹெபடைட்டிஸ் சி இருப்பது தெரிந்தால், பெரும்பாலானவர்களை 12 வாரம் மாத்திரை கொடுத்தே குணப்படுத்திவிடலாம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தச் சிகிச்சையும் இலவசம்.

அடிமையா என்று எப்படி அறிவது?

கிட் அதைச் சொல்லாது. அதற்கு உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய 'அசிஸ்ட்' என்ற 8 கேள்விகள் கொண்ட படிவம் உதவும். கடந்த மூன்று மாதத்தில் எவ்வளவு அடிக்கடி பயன்படுத்தினீர்கள், எடுக்க வேண்டும் என்ற தவிப்பு வருகிறதா, அதனால் உடலிலோ பணத்திலோ சிக்கல் வந்ததா, குறைக்க முயன்று முடியாமல் போனதா என்று அது கேட்கிறது. வரும் மதிப்பெண்ணைப் பொறுத்து அறிவுரை போதுமா, சிகிச்சை வேண்டுமா என்று தீர்மானிக்கிறார்கள். மது, புகையிலை பற்றியும் அது கேட்கிறது. 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி பேர்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குத் தெரியாமல் மாதிரி எடுக்காதீர்கள். வீட்டில் பதின்பருவத்தினருக்குப் போதைப் பரிசோதனை செய்வதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே ஆதரிக்கவில்லை. முதலில் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போதைமீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள். போலீஸ் பயத்தால் தயங்குகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பான வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. மறைத்து வைப்பதைவிடச் சிகிச்சை கேட்பதே பாதுகாப்பானது.