குறிப்பறிதலும் அறத்தொடு நிற்றலும்: ஆட்டிசம் உடையோரின் காதலும் மணமும்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது சீவக சிந்தாமணியைப் பற்றிய கட்டுரை. கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி பல்லாண்டுகளாக நான் படித்துவரும் நூல் அது. சமணத் துறவியான திருத்தக்கதேவர் பாடியது. சீவகன் எண்மரை மணப்பதால் 'மணநூல்' என்றே பெயர் பெற்றது. எழுத உட்கார்ந்தேன். சீவகன் காந்தருவதத்தையை இசைப்போட்டியில் வென்று மணக்கும் இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பார்த்த மாத்திரத்தில் கண்ணோடு கண் பேசிக் காதல் கொள்கிறவர்களே நம் இலக்கியங்களில் நிறைந்திருக்கிறார்கள். கண்ணின் பேச்சே விளங்காதவனுக்கு மணம் உண்டா? அப்படிப்பட்ட ஒருவனுக்கு நானே முன்னின்று மணம் பேசினேன். அது முறிந்ததையும் கண்டேன். ஆகவே தலைப்பை மாற்றிக்கொண்டேன். குழுவினர் பொறுத்தருள்க.

சொல்லும் பொருளும்

'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் 'தான்' என்று பொருள். அதிலிருந்து ஆட்டிசம் என்ற சொல்லை 1911இல் ஆக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ப்ளாய்லர். அவர் அதை வேறொரு நோயின் குறியாகவே சொன்னார். இன்று நாம் வழங்கும் பொருளில் அமெரிக்காவில் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஆஸ்பெர்கர் எழுதினார். பேச்சும் படிப்பும் நன்றாக இருந்தும் பிறரோடு பழகத் தெரியாத பிள்ளைகளைப் பற்றியது அவர் எழுத்து. அது ஜெர்மன் மொழியில் இருந்ததால் பரவவில்லை. 1981இல் லண்டன் மருத்துவர் லோர்னா விங் எழுதிய பிறகே உலகம் கவனித்தது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இவை எல்லாவற்றையும் ஒரே நிறமாலையாகச் சேர்த்துவிட்டது. பேச்சே வராதவரும் அதில் உண்டு. பட்டம் பெற்று வேலை பார்ப்பவரும் உண்டு.

தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள், தன்மயம் என்கிறார்கள், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இவற்றில் ஒன்றும் மனம் ஒப்பவில்லை. இவர்களில் பலருக்கு மதி இறுகியும் இல்லை. புற உலகம் எட்டாமலும் இல்லை. புற உலகம் அளவுக்கு மீறி வந்து மோதுவதுதான் அவர்கள் தொல்லை. மிக்சி சத்தம், மல்லிகை வாசனை, பட்டுச் சட்டையின் உறுத்தல், பந்தியின் இரைச்சல், நமக்குக் கல்யாணக் களை என்று தோன்றுவதெல்லாம் அவர்களுக்கு ஒரே நேரத்தில் பத்து ரேடியோ பாடுவது போல. ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

இரண்டு குறிப்பறிதல்

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பை இரண்டு அதிகாரங்களுக்கு வைத்திருக்கிறார். பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. அரசவையில் பிழைப்பதற்கும் காதலில் பிழைப்பதற்கும் ஒரே திறமை வேண்டும் என்று அவர் கருதினார் போலும். தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வகுத்தார். நகை, அழுகை முதலாக உவகை ஈறாக எட்டும் உடம்பில் தோன்றும். கண்டவர் உள்ளத்தை அறியலாம் என்பது அதன் அடிப்படை.

ஆட்டிசம் உடையவரிடம் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. உள்ளே உவகை இருந்தாலும் முகத்தில் அது நாம் எதிர்பார்க்கும் வடிவில் வராது. எதிரில் இருப்பவர் முகத்தில் உள்ளதும் அவருக்கு எட்டுவது கடினம். இதைக் கண்டு 'இவனுக்கு அன்பே கிடையாது' என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இல்லாதது அன்பல்ல, குறிப்பு.

நம் வீட்டுப் பேச்சு முழுக்கக் குறிப்பால் ஆனது என்பதை நாம் உணர்வதில்லை. 'ஒண்ணுமில்லை' என்று மனைவி சொன்னால் நிறைய இருக்கிறது என்று பொருள். 'உங்க இஷ்டம்' என்றால் செய்யாதே என்று பொருள். புறப்படும்போது 'வரேன்' என்கிறோம். எனக்கே திருமணமாகி இத்தனை ஆண்டுக்குப் பிறகும் 'பரவாயில்லை'க்கு எத்தனை பொருள் என்று முடிவாகத் தெரியாது. சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் ஒருவர் இந்த வீட்டில் என்ன செய்வார்?

ஆனால் குற்றம் ஒரு பக்கம் மட்டும்தானா? ஆட்டிசம் உடைய ஆய்வாளரான டாமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கும் அவர்களைப் புரியவில்லை, இது இருவழிக் கோளாறு. 2020இல் எடின்பரோவில் ஒரு சோதனை நடந்தது. எட்டெட்டுப் பேராக நிறுத்தி ஒரு கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லச் செய்தார்கள். எட்டு பேரும் ஆட்டிசம் உடையவர்களாக இருந்தபோது, மற்றவர்கள் வரிசையைப் போலவே கதை நன்றாகக் கடந்து சென்றது. இரு சாராரும் கலந்து நின்ற வரிசையில்தான் கதை அதிகம் தேய்ந்தது. எங்கள் சமணத்தில் அநேகாந்தவாதம் என்போம், ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்பது. அதைப் பேசியே வளர்ந்த நானும் இந்த விஷயத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தேன்.

நான் எழுதிய கடிதம்

என் அக்கா மகன். எங்கள் கடைக் கணக்கைப் பார்த்து வந்தான். பத்து வருஷத்துக்கு முந்தைய பில் நம்பரைக் கேட்டாலும் சொல்வான். முகம் பார்த்துப் பேச மாட்டான், தினமும் ஒரே தட்டில் ஒரே நேரத்தில் சாப்பாடு. கப்பல் வரும் நாள், புறப்படும் நாள் எல்லாம் மனப்பாடம். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். 2003இல் வந்தவாசிப் பக்கம் பெண் பார்த்தோம். அப்போது எங்களுக்கு ஆட்டிசம் என்ற பெயர் தெரியாது. ஆனால் ஏதோ வித்தியாசம் என்று தெரியும். இதை மறைக்க மாட்டேன். பெண் வீட்டாருக்குக் கடிதம் எழுதியவன் நான். 'பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம்' என்று ஒரு வரியில் முடித்தேன். 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று அக்காவுக்கும் தைரியம் சொன்னேன். அந்தமானில் இது சுலபம். பெண் வீட்டார் மெயின்லாண்டில். மூன்று நாள் கப்பல் தூரத்தில் யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்?

அந்தப் பெண் இங்கே வந்து இறங்கியபோது தெரிந்த முகம் ஒன்றுமில்லை. கடைத்தெருவில் இந்தி. வீட்டில் பேசாத கணவன். 14 மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாய்வீடு போனாள். பிறகு இரு தரப்பும் சம்மதித்துச் சட்டப்படி பிரிந்தார்கள். அவளுக்கு நாங்கள் செய்தது அநியாயம். இதை அவள் தந்தையாரிடம் நேரிலும் சொன்னேன்.

பையன் சண்டை போடவில்லை, அழவில்லை. ஒரு மாதம் கழித்துக் கல்லாவில் வந்து நின்றான். "மாமா, அவளுக்கு என்னென்ன வேணும்னு யாராவது எழுதிக் கொடுத்திருந்தா செஞ்சிருப்பேனே" என்றான். 2014இல் சென்னையில் மருத்துவர்கள் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அப்போது அவனுக்கு வயது 38. அவன் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். பெயர் போட்டாலும் பரவாயில்லை என்றான், நான்தான் விட்டுவிட்டேன்.

சட்டம் சொல்வது

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு பிள்ளைப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் பெறும் உரிமையையும், 13ஆம் பிரிவு சட்டத்தின் முன் சமத் தகுதியையும் தருகின்றன. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பு மணம் செய்து குடும்பம் நடத்தும் உரிமையைச் சொல்கிறது.

திருமணச் சட்டம் வேறு மொழி பேசுகிறது. 1955இன் இந்து திருமணச் சட்டம் சமணர், பௌத்தர், சீக்கியருக்கும் பொருந்தும். மனநிலைக் குறையால் சம்மதம் தர இயலாதவர், திருமணத்துக்குத் தகாத அளவு மனக்கோளாறு உள்ளவர் மணம் செய்யக்கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. இங்கே 'அளவு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நோயின் பெயரை ஒட்டினால் போதாது, அதன் அளவை நிரூபிக்க வேண்டும் என்று 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது மணமுறிவு வழக்கு, மனச்சிதைவு பற்றியது. ஆனாலும் அந்த நியாயம் இங்கும் பயன்படும். ஆட்டிசம் என்ற பெயரே மணத்துக்குத் தடையாகாது. ஆனால் 12ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு வேர்த்தது. மணமக்களைப் பற்றிய முக்கிய உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால், அது தெரிந்த ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்து அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கலாம். என் ஒருவரிக் கடிதம் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டியது.

தோழியின் வேலை

அகப்பொருளில் அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறை உண்டு. தலைவி தன் காதலைத் தோழிக்குச் சொல்வாள். தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்வாள். உண்மையை உரியவரிடம் வெளிப்படுத்துவதற்கு நம் முன்னோர் 'அறம்' என்று பெயர் வைத்தார்கள். தரகனாக நின்ற நான் செய்தது அதற்கு நேர் எதிர்.

பார்த்து முடிக்கும் திருமணம் ஆட்டிசம் உடையவருக்கு ஒருவகையில் வசதி. முன்பின் தெரியாதவரிடம் தானே போய்ப் பேச வேண்டியதில்லை. கேள்வி பதிலை நடுவில் ஒருவர் வெளிப்படையாகப் பேசலாம். அந்த நடுவர் உண்மை பேசவேண்டும், அவ்வளவுதான். அதைவிட முதலில், பையனையோ பெண்ணையோ 'உனக்கு வேண்டுமா' என்று கேட்க வேண்டும். கானர் எழுதிய 11 பேரில் முதல்வரான டொனால்ட் டிரிப்லெட் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், உலகம் சுற்றினார், மணம் செய்துகொள்ளாமல் 89 வயதில் 2023இல் மறைந்தார். திருமணத்தை மருந்தாகக் கொடுக்க நினைக்கும் பெற்றோர் அவரை நினைக்கலாம்.

தானே காதலிப்பவர் உண்டு. அமெரிக்காவில் ஜெர்ரி நியூபோர்ட், மேரி இருவருமே ஆட்டிசம் உடையவர்கள். மாறுவேட விருந்து ஒன்றில், அவர் திமிங்கிலமாகவும் அவள் மோசார்ட்டின் தங்கையல்ல, தமக்கையாகவும் வேடமிட்டிருந்தபோது நட்பானார்கள். மணந்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி மணந்தார்கள். 2005இல் படமாகவும் வந்தது. இந்தியில் 2010, 2012 ஆண்டுகளில் ஷாருக்கான் படமும் பர்ஃபியும் இதைத் தொட்டன. தமிழில் 2013இல் வந்த ஹரிதாஸ் நல்ல படம், ஆனால் சிறுவனோடு நின்றுவிட்டது. அச்சிறுவன் வளர்ந்தால் என்ன என்று கேட்பாரில்லை.

வளர்ந்த பையனுக்குக் காதல் கற்பிப்பது வேறு சினிமாக்கள்தான். விடாமல் பின்தொடர்ந்தால் பெண் சம்மதிப்பாள் என்பது அவற்றின் பாடம். குறிப்பு புரியாதவன் அதை அப்படியே நம்பினால் நேரே காவல் நிலையம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் அது குற்றம். 'வேண்டாம் என்றால் வேண்டாம். பதில் வராவிட்டாலும் வேண்டாம் என்று எடுத்துக்கொள். இரண்டாம் முறை கேட்காதே' என்று பெற்றோர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பருவ வயதிலேயே உடம்பைப் பற்றியும் இதே வெளிப்படையோடு சொல்ல வேண்டும். வெட்கப்பட்டால் வேறு யாரோ சொல்லித் தருவார்கள்.

பெண்களின் நிலை இன்னும் சிக்கல். தலை நிமிராமல், அதிகம் பேசாமல் இருந்தால் 'எவ்வளவு அடக்கம்' என்று பாராட்டுகிறோம். ஆட்டிசம் அந்த அடக்கத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. 'மாட்டேன்' என்று சொல்லவே பழக்காத பெண்ணை மணமேடையில் உட்கார வைத்தால் அந்தச் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

குழந்தைக்கும் வருமா என்று கேட்பார்கள். மரபணுவின் பங்கு பெரிது. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்து பிறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது என்கின்றன ஆய்வுகள். தடுப்பூசியால் வருவதல்ல. இதையும் மணம் பேசும்போதே பேசிவிடலாம்.

2018இல் அவனே வந்து, "மாமா, இன்னொரு தடவை பார்க்கலாமா" என்றான். இம்முறை கடிதம் ஐந்து பக்கம். ஆட்டிசம் என்ற சொல் முதல் வரியிலேயே இருந்தது. முதல் திருமணம் முறிந்தது யாரால் என்பதும், என்ன பிடிக்கும், எந்தச் சத்தம் ஆகாது, கோபம் வந்தால் தனியறையில் அரை மணி விடவேண்டும் என்பதும் இருந்தன. நான்கு இடத்தில் பதிலே வரவில்லை. ஐந்தாவது இடம் ஆரணி. கணவனை இழந்த ஓர் ஆசிரியை. அவர் எங்களுக்கு எழுதவில்லை, நேரே அவனுக்கு எழுதினார். 22 கேள்விகள், எண் போட்டு. அவன் ஒரே இரவில் எண் போட்டுப் பதில் எழுதினான். 'நான் வருத்தமாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்' என்பது ஒரு கேள்வி. 'தெரியாது, நீங்கள் சொல்ல வேண்டும், சொன்னால் மறக்க மாட்டேன்' என்று எழுதியிருந்தான். அனுப்புமுன் என்னிடம் காட்டினான். திருத்த வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், அப்படியே போடு என்றேன்.

இப்போது இருவரும் ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்று நாம் அழைத்த இதே ஊரில், இருக்கிறார்கள். வீட்டு அடுக்களைக் கதவில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்குகிறது. அந்தப் பெண்ணுக்குக் கோபம் என்றால் அதில் 'கோபம்' என்று எழுதிவிடுவார். காரணத்தையும் கீழே எழுதுவார்.