நிலாவை நகர்த்தலாமா?

ஊட்டியில் எடுத்த படமாக இருக்கும். புல் கண்ணைப் பறிக்கும் பச்சை, வானம் பளீர் நீலம். அன்றைக்கு அங்கே நின்றவருக்கு மட்டும் தெரியும், வானம் அப்படி இல்லை என்று.

'எடிட்டே செய்யாததுதான் நல்ல படம்' என்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இன்றைய பெரும்பாலான போன்கள் நாம் தொட்ட நொடியிலேயே பல படங்களை எடுத்து, ஒன்றின் வெளிச்சத்தையும் இன்னொன்றின் நிழலையும் சேர்த்துத்தான் கேலரியில் வைக்கின்றன. ஃபிலிம் காலத்திலும் ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவ் மேல் பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தழும்பை மறைத்தவர்கள்தான்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலா எழுந்து நிற்பதைப் பார்த்தார். பொழுது சாய்கிறது, ஒளியை அளக்கும் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது தெரியுமாதலால் அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். அடுத்ததை எடுப்பதற்குள், கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது.

அந்த ஒற்றை நெகட்டிவோடு இருட்டறையில் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார். ஓரிடத்தில் ஒளியை மறைத்து வெளுப்பாக்குவார். இன்னோரிடத்தில் கூடுதலாக விழவிட்டுக் கறுப்பாக்குவார். ஆரம்பப் பிரதிகளில் வானத்தில் மேகங்கள் தெரியும். பிற்காலப் பிரதிகளில் ஏறக்குறைய கறுப்பு வானம். நெகட்டிவ் இசைக்குறிப்பு என்றால் பிரிண்ட்தான் கச்சேரி என்பது அவர் கட்சி. இவ்வளவு செய்தவர், நிலாவை மட்டும் இடம் மாற்றவில்லை.

மாற்றியவர்களும் உண்டு. 'நேஷனல் ஜியாகிரஃபிக்' 1982 பிப்ரவரி இதழில், அகலவாக்கில் எடுத்த படத்தை அட்டைக்குள் அடக்க, எகிப்தின் பிரமிடுகளையே கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்தார்கள். சர்ச்சை வெடித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, பிரதமர் வானிலிருந்து சென்னையைப் பார்ப்பதாக மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட படத்தில், ஜன்னலுக்கு வெளியே வேறொரு படம் ஒட்டப்பட்டிருந்தது. கேலி கிளம்பியதும் நீக்கினார்கள். அவர் வந்து பார்த்தது உண்மைதான். ஒட்டு வேலை அந்த உண்மையையும் சேர்த்தே சந்தேகப்பட வைத்தது.

வீட்டுப் படங்களிலும் இதே கதைதான். மணப்பெண்ணின் முகத்தில் விழுந்த நிழலை நீக்குவது சரி. மாநிறப் பெண்ணை, அவரைக் கேட்காமலே சிவப்பாக்கி ஆல்பம் போட்டுக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? பாட்டியின் சுருக்கங்களை பியூட்டி மோடு துடைத்துவிட்டால், பிறகு பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சுவது யாரோ ஒருவரின் முகம்.

சாய்ந்த படத்தை நிமிர்த்துங்கள். ஓரத்தில் எட்டிப்பார்க்கும் குப்பைத்தொட்டியை கிராப் செய்யுங்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். நிறத்தைக் கூட்டுவதைக் கடைசியாக வைத்துக்கொண்டு, கூட்டியதில் பாதியைக் குறைத்துவிடுங்கள். அசலை அழிக்க வேண்டாம். இதற்கே கால் மணி நேரம் ஆகிறதென்றால் கோளாறு எடுத்த விதத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றவரைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தால், பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.