எமன் வந்தான் ரயிலில்!

அக்டோபர் மாதம் வந்துவிட்டால் சிங்கப்பூர் இரண்டு வேடம் போட்டுக்கொள்கிறது. சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு. மற்ற கடைத்தொகுதிகளில் ஹாலோவீன் பூசணிக்காய்களும் எலும்புக்கூடுகளும். 2024ஆம் ஆண்டில் இவ்விரண்டு நாள்களும் அக்டோபர் 31ஆம் தேதியிலேயே அமைந்துவிட்டன. எங்கள் வீட்டுச் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

தொடக்கநிலை ஐந்தில் படித்த என் தம்பிக்கு ஓர் ஆசை. குடும்பமே வேடம் போட்டுக்கொண்டு ஒரு பூங்காவுக்குப் போகவேண்டுமாம். செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டுடியோசில் 2011 முதல் ஹாலோவீன் திகில் இரவுகள் நடைபெறுகின்றன. ஆனால் அவை சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல. ஆகவே ஹாவ் பார் வில்லாவைத் தேர்ந்தெடுத்தோம். டைகர் பாம் தைலத்தால் பெயர்பெற்ற ஆவ் பூன் ஹாவ் 1937இல் கட்டிய தோட்டம் அது. 1990இல் சவாரிகளோடு கேளிக்கைப் பூங்காவாகவும் மாறியது. இன்று தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை.

அங்குள்ள சீன நரகத்தின் பத்து நீதிமன்றங்கள் புகழ்பெற்றவை. சீன மரபில் ஐந்தாம் நீதிமன்றத்தின் அரசர் யென்லுவோ வேறு யாருமல்லர்; பௌத்தத்தோடு சீனா சென்ற நம் எமன்தான்! எனவே நான் எமன், அப்பா சித்திரகுப்தன், அம்மா சாவித்திரி, தம்பி எருமை என்று முடிவாயிற்று.

பாட்டியின் முகம் வாடிவிட்டது. "தாத்தா போய் ஒரு வருஷம்தான் ஆச்சு. போன வருஷம் தீபாவளிகூடக் கொண்டாடல. இப்ப எமனை நீங்களே வீட்டுக்குள்ள கூப்பிடுறீங்களா?" என்றார். யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

தம்பிதான் மெதுவாகக் கேட்டான்: "உங்க ஊர்ல சாமிக்கே வேஷம் போடுவாங்கன்னு சொன்னீங்களே பாட்டி?"

பாட்டி திருச்செந்தூர்ப் பக்கம். அருகிலுள்ள குலசேகரன்பட்டினத்தில், முத்தாரம்மன் கோயில் தசராவின்போது பக்தர்கள் விரதமிருந்து, காளி, அனுமன், அரசன், பிச்சைக்காரர் எனப் பல வேடங்கள் புனைவார்கள். வீடு வீடாகச் சென்று காணிக்கை பெற்றுக் கோயிலில் செலுத்துவார்கள். பத்தாம் நாள் இரவு சூரசம்ஹாரம். இதைச் சொல்லச் சொல்லப் பாட்டியின் குரல் மாறியது. இறுதியில், "வேஷம் போட்டா அதுக்கு மரியாதை குடுக்கணும். யாரையும் அழவைக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

இனி, வேடங்களைச் செய்த விதத்தைக் கூறுகிறேன். தேக்காவில் தீபாவளிக் கூட்டத்தில் நீந்தி, மலிவான கறுப்புப் பருத்தித் துணியும் சரிகைக் கரையும் வாங்கினோம். பளபளக்கும் செயற்கைத் துணியை வாங்காதீர்கள். நம் வெயிலுக்குப் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். எருமைக் கொம்பு செய்யப்போகிறவர்கள் பஃபலோ சாலையில் பொருள் வாங்குவதும் பொருத்தம்தானே! அவ்வட்டாரத்தின் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கும் எருமைத் தொழுவம் என்றே பொருள்.

கிரீடத்திற்கு மளிகைக் கடைகளில் வீணாகும் அட்டைப் பெட்டிகள் போதும். தலையின் சுற்றளவை நூலால் அளந்து, ஒட்டுவதற்கு இரண்டு சென்டிமீட்டர் கூட்டி வெட்டுங்கள். அட்டையின் வரிகள் நெட்டுவாக்கில் இருந்தால்தான் மடங்காமல் வளையும். அதன்மேல் தங்க நிறத் தாளை ஒட்டி, நெற்றி படும் இடத்தில் பழைய துணியைத் தையுங்கள்.

கொம்புக்குச் செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, சற்று வளைத்து, காகித ஒட்டுநாடாவால் இறுக்கவேண்டும். பிறகு சிறு தாள் துண்டுகளை மைதாப் பசையில் தோய்த்து மூன்று அடுக்கு ஒட்டவேண்டும். ஒவ்வோர் அடுக்கும் காய்ந்தபின்பே அடுத்தது. நாங்கள் அவசரப்பட்டதால் முதல் ஜோடி பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போனது. இரண்டாவது ஜோடியை மின்விசிறியின்முன் இரண்டு நாள் வைத்த பிறகே கறுப்புச் சாயம் பூசினோம். கொம்புகளைத் தலைப்பட்டையில் கழற்றி மாட்டும்படி அமைத்தால் ரயிலில் யார் கண்ணையும் குத்தாது.

முகமூடியைத் தவிர்த்தோம். படிகள் நிறைந்த இடத்தில் பார்வையை மறைப்பது ஆபத்து. கதையையும் விட்டுவிட்டுப் பாசக்கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பூங்காவுக்குப் பூங்கா விதி மாறும். சில இடங்களில் வேடத்திற்கே தடை இருக்கலாம் என்பதால் முன்கூட்டியே படித்துவிடுங்கள். மொத்தச் செலவு 38 வெள்ளி.

27ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கிளம்பும் நேரத்தில் பாட்டி அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு நீளமான கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்தார். தாத்தா மளிகைக் கடையில் கணக்கெழுதிய காலத்துப் பேரேடு. சித்திரகுப்தனுக்காக அப்பா அட்டையில் செய்திருந்ததை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "இதைக் கொண்டுபோ. ஒரு காசு தப்பா எழுதினதில்ல அவர்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எமனுக்கு மீசை இவ்வளவு மெலிசாவா இருக்கும்?" என்று கண்மையால் அவரே தடித்து வரைந்துவிட்டார். எமனின் முகத்தைப் பிடித்திருந்த கை சற்று நடுங்கியது. ஆனால் சிரித்தார்.

ரயிலில் ஒரு சீன மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, யார் என்று கேட்டார். "யென்லுவோ" என்றேன். உடனே தம்பியைக் காட்டி, "அப்படியானால் இந்த மாடு எதற்கு?" என்றார். ஹார்பர்ஃபிரண்டில் ரயில் மாறும்வரை என் பாட்டி அவருக்கு எருமை வாகனத்தைப் பற்றி ஆங்கிலமும் மலாயும் கலந்து விளக்கிக்கொண்டே வந்தார்.

ஆம், பாட்டியும் எங்களோடு வந்தார். வேடம் எதுவும் போடவில்லை. வரும் ஆண்டில் நீங்களும் முயன்று பாருங்கள், நண்பர்களே. கத்தரிக்கோலை எடுக்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டைப் பெட்டி எங்கும் கிடைக்கும். பேரேடு அவர்களிடம்தான் இருக்கிறது.