முதலிடத்தைச் சாய்த்த கடைசி இடம்

2018 மார்ச் 16, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் சார்லட் நகரில் ஒரு கல்லூரி கூடைப்பந்து ஆட்டம். இடைவேளையின்போது ஸ்கோர் 21–21. ஒரு பக்கம் வர்ஜீனியா பல்கலைக்கழகம். அந்த சீசனில் 31 வெற்றி, இரண்டே தோல்வி. நாட்டின் கல்லூரி அணிகளிலேயே எதிரணிக்கு மிகக் குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி. மறுபக்கம் யுஎம்பிசி. மேரிலாந்து மாநிலத்தில், கூடைப்பந்தைவிடச் செஸ் அணியால் பெயர் வாங்கியிருந்த கல்லூரி. இரண்டாம் பாதியில் மட்டும் அந்த அணி 53 புள்ளிகளைக் குவித்தது. ஜைரஸ் லைல்ஸ் தனி ஆளாக 28 புள்ளி எடுத்தார். ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 74–54. ஜெயித்தது யுஎம்பிசி.

அந்த வெற்றி ஏன் அவ்வளவு பெரிது என்பதற்குப் போட்டியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும் கல்லூரி கூடைப்பந்துத் தேசியப் போட்டியை அமெரிக்கர்கள் ‘மார்ச் மேட்னஸ்’ என்பார்கள். 1939இல் எட்டு அணிகளோடு தொடங்கி, 1985இல் 64 அணிகளாகி, 2011 முதல் 68 அணிகள் ஆடுகின்றன. முதலில் நாலு ஆட்டங்கள் நடந்து 64 அணிகள் மிஞ்சும். அவற்றை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவார்கள். முதல் சுற்றில் 1ஆம் எண்ணும் 16ஆம் எண்ணும் மோதும். 1985 முதல் அந்த இரவுவரை ஆடவர் போட்டியில் இப்படி 135 ஆட்டங்கள். பதினாறாம் எண் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை.

ஆனால் மகளிர் போட்டியில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்துவிட்டது. 1998இல் பதினாறாம் எண்ணான ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்தக் களத்திலேயே 71–67 என்று வீழ்த்தியது. அலிசன் ஃபீஸ்டர் 35 புள்ளி எடுத்தார். சாதனைகளைப் பட்டியல் போடும்போது இந்த ஆட்டத்தைத்தான் முதலில் எழுத வேண்டும்.

சிறிய அணி பெரிய அணியை எப்படிச் சாய்க்கிறது? முதல் காரணம், ஒரே ஆட்டம். தொழில்முறை லீகான என்பிஏவின் பிளே ஆஃப் சுற்றில் ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயிக்க வேண்டும். ஒருநாள் சறுக்கினால் மறுநாள் மீளலாம். இங்கே தோற்றால் வீடு. அடுத்தது, தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட். சார்லட்டில் யுஎம்பிசி அப்படி 24 முறை எறிந்து 12 முறை கூடையில் போட்டது. வர்ஜீனியாவுக்கு 22க்கு நான்குதான் விழுந்தது. உயரத்தாலும் உடல்பலத்தாலும் வரும் சாதகத்தை இப்படி ஒரு மாலையில் தாண்டிவிடலாம்.

மூன்றாவது காரணம் வயது. பெரிய கல்லூரிகள் பிடிக்கும் அபாரத் திறமைசாலிகளில் பலர் ஒரே ஆண்டில் என்பிஏவுக்குப் போய்விடுவார்கள். சிறிய கல்லூரிகளில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இளைஞர்கள் ஆடுவார்கள். 2024இல் பெரிய கல்லூரியான கென்டக்கியைச் சிறிய கல்லூரியான ஓக்லாண்ட் 80–76 என்று வென்றது. பத்து மூன்று புள்ளி ஷாட்களைப் போட்ட ஜாக் கோல்கி, அதற்கு முந்தைய சீசன்வரை இரண்டாம் நிலைக் கல்லூரியில் ஆடியவர்.

எல்லாவற்றையும் மிஞ்சியது ஃபேர்லி டிக்கின்சன் கதை. 2023க்கு முந்தைய சீசனில் அந்த அணி வென்றது நாலே ஆட்டம். 2023இல் தன் சிறிய லீகின் இறுதி ஆட்டத்திலும் ஒரு புள்ளியில் தோற்றது. வென்ற மெரிமேக் கல்லூரி சில ஆண்டுகளுக்கு முன்புதான் கீழ்நிலைப் பிரிவிலிருந்து ஏறி வந்திருந்ததால், விதிப்படி தேசியப் போட்டிக்குப் போக முடியவில்லை. அந்த இடம் டிக்கின்சனுக்குக் கிடைத்தது. முதல்நிலைப் பிரிவிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அது. எதிரே முதலிட அணியான பர்டூ, அதன் நடுவில் 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி. பந்து ஈடியின் கைக்குப் போகவிடாமல் இரண்டு பேர், மூன்று பேராகச் சூழ்ந்தே ஆடினார்கள். ஸ்கோர் 63–58. ஆடவர் போட்டியில் பதினாறாம் எண் இரண்டாம் முறையாக ஜெயித்தது.

இப்படிப்பட்ட ஆட்டங்களுக்காகத்தான் ரசிகர்கள் காத்திருக்கிறார்கள். போட்டி தொடங்கும் முன்பே 63 ஆட்டங்களின் முடிவையும் ஊகித்து அட்டவணை நிரப்புவது அலுவலகங்களிலும் வீடுகளிலும் வழக்கம். சாத்தியமான முடிவுகள் தொண்ணூற்றிரண்டாயிரம் கோடிக் கோடியைத் தாண்டும் என்பதால் முழுக்கச் சரியாக யாரும் சொன்னதாக இதுவரை பதிவில்லை. 2019இல் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னதே பெரிய செய்தியானது.

இப்போது ரசிகர்களின் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. பணம். இந்தப் போட்டியின் ஒளிபரப்பு உரிமைக்கு ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் விலை. ஆடுகிற மாணவருக்கோ பல்லாண்டுகளாகக் கல்வி உதவித்தொகை மட்டும்தான். 2021 ஜூலையில் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்க வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது. கல்லூரி மாறும் விதியும் அதே ஆண்டு தளர்ந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலருக்குச் சற்று மேல்வரை நேரடியாகவே கொடுக்கலாம்.

உழைத்தவருக்குக் கூலி சேர்வது நியாயம். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் அதன் விளைவைச் சிறிய கல்லூரிகள் சுமக்கின்றன. 2022இல் பதினைந்தாம் எண்ணிலிருந்து கடைசி எட்டு அணிகள்வரை போன முதல் அணி செயின்ட் பீட்டர்ஸ். சில வாரங்களிலேயே அதன் பயிற்சியாளரும் முக்கிய வீரர்களும் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். 2025இல் கடைசி 16 அணிகளில் சிறிய லீக் அணி ஒன்றுகூட இல்லை. கடைசி நான்கும் முதலிட அணிகளே. அதற்குமுன் அப்படி நடந்தது 2008இல் ஒரே முறை.

சார்லட்டில் தோற்ற வர்ஜீனியா மறு ஆண்டே, 2019இல், கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் டோனி பென்னெட் 2024 அக்டோபரில், மாறிவிட்ட இந்தச் சூழலுக்குத் தான் பொருத்தமானவன் அல்ல என்று சொல்லி ஓய்வு பெற்றார். 2025இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ரயான் ஓடம். அன்று யுஎம்பிசியின் பயிற்சியாளராக இருந்து வர்ஜீனியாவை வென்றவர்.

2025 என்ற ஒரே ஆண்டை வைத்துச் சிறிய அணிகளின் காலம் முடிந்தது என்று தீர்ப்பெழுத முடியாது. இருந்தாலும், ஒவ்வொரு லீகின் சாம்பியனுக்கும் தேசியப் போட்டியில் நேரடி இடம் தரும் விதியில் யாரும் கை வைக்கக் கூடாது. வீரர்களுக்குச் சம்பளமும் வேண்டும், இந்த வாசலும் திறந்திருக்க வேண்டும். ஹார்வர்டும் யுஎம்பிசியும் இந்த விதியால்தான் உள்ளே வந்தன.