பெயரிட இயலாத இசையும் தொல்காப்பியர் கூறும் விருந்தும்

இசை என்றால் பாடல், பாடல் என்றால் திரைப்படம் என்னும் எண்ணம் ஹுத்தான் மெலிந்தாங் போன்ற பேராக் தோட்டப்புறச் சூழலில் வளர்ந்தோரிடம் வேரூன்றியதாகும். திரைப்படமும் பாடல்வரியும் இன்றிக் காட்சிகளை மனக்கண்முன் நிறுத்தும் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) இசைத்தொகுப்பை அவர்கள் எவ்வகையில் அடக்குவர்? ‘இதற்கு எவ்வாறு பெயரிடுவது’ என்பதே அதன் தலைப்பாகவும் அமைந்துள்ளது.

தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை ஜொஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் இத்தொகுப்பு காணிக்கையாக்கப்பட்டது. கருநாடக இசை, ஒற்றை இழையாகச் செல்லும் இராகத்தைக் கமகங்களால் விரிப்பது. பாக்கின் இசையோ பல இழைகளை ஒரே நேரத்தில் இசைந்தோடச் செய்வது. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்டிட்டாவின் முன்னிசையைச் சுற்றி, ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்னும் பகுதியில் இளையராஜா புதிய இழைகளைப் பின்னியுள்ளார். வி. எஸ். நரசிம்மனின் வயலின் இவ்விரு மரபுகளையும் இணைக்கிறது. இங்கு ஒன்று மற்றொன்றுக்கு அணிகலனாகாமல், இரண்டும் நிகராக நிற்கின்றன.

இதனைக் ‘கலப்பிசை’ என்று கூறி அமைவது போதாது. தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக ‘விருந்து’ என்பதை வகுத்துப் புதியதாகப் புனையப்படும் யாப்பிற்கு இடமளித்தார். செய்யுளுக்குரிய அக்கலைச்சொல்லை இசைக்கு நீட்டுவது ஒப்புமை நோக்கிலேயே பொருந்தும். எனினும், புதுமையை மரபின் பகையாகக் கருதாது விருந்தாக ஏற்ற இலக்கணம் நம்முடையது. வகுப்பறையில் அதனை விளக்க இத்தொகுப்பு தக்கதொரு சான்றாகும்.