உருவம் மாறினாலும் சரக்கு மாறாது!



வொர்க்‌ஷாப் ஸ்கிராப் குவியலில் ஒரு துண்டு கிடக்கிறது. காஸ்ட் அயனா, ஹை கார்பன் ஸ்டீலா? பார்த்தால் தெரியாது. கிரைண்டிங் வீலில் வைத்தால் தீப்பொறியே சொல்லிவிடும். குட்டையாக, சிவப்பாக வந்தால் காஸ்ட் அயன். வெள்ளையாகப் பூப்பூவாக வெடித்தால் ஹை கார்பன் ஸ்டீல். புற்றுநோய்க் கட்டிக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. பெயர்தான் கொஞ்சம் நீளம்: இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி!

எதற்கு இந்தச் சோதனை?

கட்டியில் சிறு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பயாப்ஸி. சில கட்டிகளில் செல்கள் தாய்த் திசுவின் சாயலையே இழந்துவிடும். நுரையீரலில் பிறந்ததா, தோலில் பிறந்ததா, நிணநீர்க் கணுவில் பிறந்ததா என்று அனுபவசாலி டாக்டரே திணறுவார். "தெரியாவிட்டால் என்ன, கேன்சர் கேன்சர்தானே?" என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது! நிணநீர்க் கட்டியான லிம்ஃபோமா என்றால், பெரிய ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே பலர் குணமாகிறார்கள். கார்சினோமா என்றால் வழியே வேறு. பெயர் தப்பினால் வைத்தியமும் தப்பும்.

எப்படி வேலை செய்கிறது?

சாயல் போனாலும், செல்லுக்குள் இருக்கும் புரதங்களில் சில பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். ஒவ்வொரு புரதத்தையும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி உண்டு. பவானிக்காரர்களுக்குச் சாயத்தைப் பற்றிச் சொல்லவா வேணும்? கம்பளியில் பிடிக்கும் ஆசிட் சாயம் பருத்தியில் நிற்காது. அதுமாதிரிதான் இதுவும்.

பயாப்ஸித் துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, சுமார் 4 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். ஃபார்மலினால் மறைந்துபோன புரதத்தை வெளிக்கொண்டுவர, ஸ்லைடை பஃபர் கரைசலில் போட்டுச் சூடாக்குகிறார்கள். பல லேப்களில் இதற்கு நம் வீட்டு பிரஷர் குக்கரேதான்! பிறகு ஆன்டிபாடி, அதைக் கண்டுகொள்ளும் என்சைம், கடைசியில் நிறம் தரும் ரசாயனம். புரதம் இருந்தால் பழுப்பு நிறம், இல்லாவிட்டால் வெறும் நீலப் பின்னணி.

கெரட்டின் பழுப்பானால் கார்சினோமா என்று சந்தேகம். சி.டி.45 என்றால் லிம்ஃபோமா. எஸ்-100, எச்.எம்.பி.-45 இரண்டும் என்றால் மெலனோமா. டி.டி.எஃப்-1 என்றால் நுரையீரல் அல்லது தைராய்டு.

ஆனால் ஒரே சோதனையை நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. சில சார்கோமாக்களிலும் கெரட்டின் தெரியும். சில லிம்ஃபோமாக்களில் சி.டி.45 தெரியாமலும் போகும். அதனால்தான் நாலைந்து ஆன்டிபாடிகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். கூடவே, விடை தெரிந்த திசு ஒன்றையும் வைத்துச் சரிபார்க்கிறார்கள். நம் லேபில் மீட்டரை முதலில் காலிபரேட் செய்வதில்லையா? அதேதான்.

யார் கண்டுபிடித்தது?

1941-ல் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தை ஆன்டிபாடியோடு இணைத்துக் காட்டினார். 1966-ல் ஒளிக்குப் பதில் என்சைம் வந்தது. ஒரே மாதிரியான ஆன்டிபாடிகளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975-ல் கோலர், மில்ஸ்டைன் இருவரும் கண்டார்கள். 1984-ல் நோபல் பரிசு. திசுவைச் சூடாக்கும் உத்தி 1991-ல் வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டில் யாருக்காவது ரிப்போர்ட்டில் "பூர்லி டிஃபரன்ஷியேட்டட்" என்று வந்தால், பயந்துபோய் உட்கார்ந்துவிட வேண்டாம். "எந்த வகைக் கட்டின்னு பார்க்க இம்யூனோ டெஸ்ட் வேணுமாங்க டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். கோவையோ, வேலூரோ, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ, எங்கே போனாலும் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். காகிதத்தை வைத்து மறுசோதனை செய்ய முடியாது. மெழுகுக் கட்டி பல வருஷம் கெடாது. வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உருகிவிடும்!