புகையைப் பிடித்துவைக்கும் ஈரம்

மொன்றியலின் சென் லோரன் வீதியில் 1928 முதல் இயங்கும் ஷ்வார்ட்ஸ் கடை என்றாலே நினைவுக்கு வருவது புகையூட்டிய மாட்டு நெஞ்சுக்கறி. உப்பிலும் மசாலாவிலும் பல நாள் ஊறிய இறைச்சி புகையில் வெந்து, கடைசியில் நீராவியில் மெத்தென்று ஆகிறது. வீட்டில் இதைச் செய்பவர்கள் பலர் புகையடுப்புக்குள் ஒரு தட்டில் தண்ணீரும் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் தன் சுவை எதையும் தருவதில்லை. பியரோ ஆப்பிள் சாறோ ஊற்றினாலும் ஆவியாவது பெரும்பாலும் வெறும் நீர்தான், சர்க்கரை தட்டிலேயே தங்கிவிடும். ஆனாலும் சுவை மாறுகிறது. விறகுப் புகைக்கு மணம் தரும் குவாயக்கால் போன்ற பீனால்கள், காய்ந்த பரப்பைவிட, இந்த ஆவி ஈரமாக வைத்திருக்கும் பரப்பில் எளிதாகப் பற்றிக்கொள்ளும். மொன்றியல் குளிர்காலத்தில் இது இன்னும் முக்கியம்: உறைகுளிர்க் காற்றில் ஈரம் மிகக் குறைவு, அடுப்பில் சூடானதும் அந்தக் காற்று இறைச்சியின் மேற்புறத்தை விரைவில் உலர்த்திவிடும்.

ஈரம் மேலோட்டை நமுத்துப்போக வைத்துவிடும் என்பார்கள் சிலர். உண்மைதான், கரகரப்பான மேலோடு வேண்டுமென்றால் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தட்டை எடுத்துவிடலாம். ஆனால் தொடக்கத்திலேயே அதைத் தவிர்ப்பது சரியல்ல. புகை நன்றாகப் படிவது மேற்பரப்பு ஈரமாக இருக்கும் முதல் சில மணி நேரத்தில்தான். மேலும், தட்டிலுள்ள நீர் 100 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகாது. அடுப்பின் வெப்பம் திடீரென ஏறினாலும் அதில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொண்டு, விளிம்பு கருகிக் கசக்காமல் காக்கும்.